காவல்காரர் தூங்கிய ஆறு நாள்

எங்கள் சத்திரப்பட்டியில் பஸ் ஹாரன் அடிக்காமல் வந்துபோய், மீன்காரி கூவாமல் மீன் விற்று, கல்யாண வீட்டில் மேளம் கொட்டாமல் தாலி கட்டிய ஆறு நாள் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் தொடங்கி, அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு முடிந்த ஆறு நாள். ஊரே ஏன் அப்படி வாயைப் பொத்திக்கொண்டு நடந்தது என்று கேட்டால் ஒரே காரணம்தான்: ஒரு மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார், அவரை எழுப்ப எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை.

ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்தால் எங்கள் ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழும். வீட்டுக்கு வீடு விசைத்தறி. அதில் நாங்கள் நெய்வது ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி. ஊர் ஊராக யாருக்கு அடிபட்டாலும் சுற்றுகிற அந்த மெல்லிய வெள்ளைத் துணி. அந்தத் தறிச்சத்தத்துக்கு நடுவில், கடைத்தெருவில், சிக்கந்தரின் செல்போன் கடை. கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் ஒரு பெரிய டி.வி., ஒரு கேம் மெஷின், மூன்று நாற்காலி. அந்த மூன்று நாற்காலிக்கும் பதினோரு வருஷமாக மூன்றே பேர்தான் உரிமைக்காரர்கள்: கடைக்காரர் சிக்கந்தர், கோமதியக்காவின் கட்டுத்துணிக் கம்பெனியில் துணி சோதித்து அனுப்புகிற பேச்சியம்மாள், மில்லில் ஃபிட்டராக இருந்த அருளானந்து.

இவர்கள் மூவரையும் அப்படிக் கட்டிப்போட்டது ஒரு வீடியோ கேம். அதற்கு வெளிநாட்டுக்காரர்கள் வைத்த பெயர் நீளமானது, வாயில் நுழையாதது. அந்த ஆட்டத்தில் வானத்தில் நிலவே வராது என்பதால் எங்கள் ஊரில் அதை அமாவாசை என்றார்கள். சண்டை போட்டு ஜெயிக்கிற ஆட்டம் இல்லை அது. ஒரு பெண், கோட்டைக்குள் சிறைவைக்கப்பட்ட தன் தம்பியை மீட்க, யார் கண்ணிலும் படாமல், யார் காதிலும் விழாமல், சுவரோரமாக, நிழலோடு நிழலாகப் போகவேண்டும். முதல் பாகத்தின் கடைசியில் அவள் தம்பியின் அறைக்குப் போய்ச் சேர்ந்தால் அறை காலியாக இருக்கும். அவனை உள்கோட்டைக்கு மாற்றிவிட்டார்கள் என்று சுவரில் கரியால் எழுதியிருக்கும். அத்தோடு திரை இருண்டுவிடும். மீதி இரண்டாம் பாகத்தில் என்றார்கள். இந்த வருஷம் வரும் என்றார்கள், அடுத்த வருஷம் வரும் என்றார்கள், சிக்கந்தருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், பேச்சிக்கு முப்பது வயதானது, அருளானந்துவின் முன்நெற்றி ஏறிவிட்டது, தம்பி உள்கோட்டையிலேயே இருந்தான்.

அந்தக் கோட்டையின் மேற்கு வாசலில் ஒரு காவல்காரர் உண்டு. கையில் ஈட்டி, இடுப்பில் சாவிக்கொத்து, தோளில் ஒரு ஊதுகொம்பு. பதினாலு அடி நடப்பார், திரும்புவார், கொட்டாவி விடுவார், அவர் பாஷையில் ஏதோ ஒரு வரி முனகுவார், மறுபடி பதினாலு அடி. கொட்டாவி விடுகிற நேரத்தில் பின்னால் போய் மண்டையில் ஒரு போடு போட்டுச் சாவியை எடுக்கவேண்டும். ஆட்டம் கற்றுக்கொள்கிற எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது அந்த அடியைத்தான். தப்பினால் அவர் கொம்பை ஊதிவிடுவார், உள்ளேயிருந்து நாற்பது பேர் ஓடி வருவார்கள். அவர் முனகுகிற வரிக்கு என்ன அர்த்தமென்று, ரசிகர்களில் பாஷை தெரிந்த ஒருவர் எப்போதோ எழுதியிருந்தார்: 'விடியட்டும், தூங்கிக்கொள்கிறேன்.' அந்த ஆட்டத்தில் விடிவதே கிடையாது. அதை யாரும் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை.

இரண்டாம் பாகம் கடைசியில் வந்தேவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு உலகம் முழுக்க ஒரே நேரத்தில் திறப்பு. பேச்சி லீவு சொல்லியிருந்தாள். அருளானந்துவுக்கு லீவே தேவைப்படவில்லை. மில் வேலையை விட்டுவிட்டான், மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக் வேலை கிடைத்திருந்தது, புதன்கிழமை காலை கிளம்பவேண்டும், போனால் இரண்டு வருஷத்துக்கு ஊர்ப்பக்கம் வரமுடியாது. அந்த ஐந்து நாளில் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து தம்பியை மீட்டுவிடுவது என்று ஏற்பாடு.

"முதல் அடி நீதான் அடிக்கணும் பேச்சி," என்று சிக்கந்தர் ஜாய்ஸ்டிக்கை அவள் கையில் கொடுத்தார். "உன் கைதான் ராசி."

மேற்கு வாசல் வந்தது. அதே வாசல், அதே மனிதர், இப்போது முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிற அளவுக்குத் தெளிவாக. பேச்சி சுவரோரமாகப் போனாள். பதினாலு அடி நடந்தார், திரும்பினார், கொட்டாவி விட்டார். அறையில் புழுக்கமாக இருக்கிறதென்று அருளானந்து எழுந்துபோய்ப் பின்பக்க ஜன்னலைத் திறந்தது அந்த நேரத்தில்தான். காலை வெயில் நேராகத் திரையில் விழுந்தது.

காவல்காரர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு வெயிலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, ஆட்டோவிலிருந்து இறங்குகிற மாதிரி ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்து, தலையைக் குனிந்து, ஈட்டி டீ கிளாஸில் இடித்துவிடாமல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அறைக்குள் இறங்கினார். மூன்று பேரையும் தாண்டி, கடையைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிரேயிருந்த கோமதியக்காவின் கிடங்குக்குள் போனார். வெளுத்துக் காயவைத்த கட்டுத்துணி அங்கே மலையாகக் குவிந்திருந்தது. ஈட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, அந்தக் குவியலில் சாய்ந்து, பின்னாலேயே ஓடிவந்த மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனார்.

லாரி வந்து நின்றபோதுதான் கோமதியக்கா கிடங்குக்கு வந்தது. அதட்டிப் பேசியே பழக்கமான மனுஷி, முப்பது பேருக்கு வேலை கொடுக்கிற கை.

"ஏ பேச்சி, யாருடி இது? எந்திரிக்கச் சொல்லு, துணியை ஏத்தணும்."

"மேற்கு வாசல் காவல்காரர், அக்கா," என்றாள் பேச்சி, குரலைத் தாழ்த்தி. "எங்க கேம்ல இருக்கறவரு. தூங்கிப் பதினோரு வருஷம் ஆகுது."

"பதினோரு வருஷமா?" அக்காவின் குரலும் தானாகவே தாழ்ந்தது. கிட்டப்போய்க் குனிந்து பார்த்தது. "அப்ப இதை விடு. பின்னால கிடக்கறதை ஏத்தச் சொல்லு." இன்னும் குனிந்தது. "பின்மண்டை இப்படி வீங்கிக் கிடக்கு! எந்தப் பாவி அடிச்சான்?"

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"நாங்கதான்க்கா," என்றான் அருளானந்து.

"எத்தனை அடி?"

"நான் ஒரு நானூறு அடி அடிச்சிருப்பேன்," என்றாள் பேச்சி. சிக்கந்தர் தன் கணக்கைச் சொல்லாமல் இருமினார்.

கோமதியக்கா அவர்களைப் பார்த்த பார்வைக்கு எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது. குவியலிலிருந்து நல்ல துணியாக ஒரு முழம் கிழித்து, மஞ்சள் குழைத்துவரச் சொல்லி, பூத்தொடுக்கிற மாதிரி அவ்வளவு பதவிசாக, தூக்கம் கலையாமல் தலையைச் சுற்றிக் கட்டுப்போட்டது. கட்டி முடிக்கும்போது தெருவில் ராஜபாளையம் பஸ் ஹாரன் அடித்தது. தூங்குகிறவரின் கை படக்கென்று தோளிலிருந்த கொம்புக்குப் போனது.

"ஐயோ, ஊதிட்டா நாற்பது பேரு வந்துருவாங்கக்கா," என்றாள் பேச்சி.

"நாற்பது பேருக்கு எங்கிட்டுப் போய்ச் சோறு வடிக்கிறது?" என்றது அக்கா. கை மெல்லத் தளர்ந்து கீழே விழும்வரை யாரும் மூச்சுவிடவில்லை. பிறகு அக்கா தெருவுக்குப் போய், இடுப்பில் கைவைத்து நின்று, வாழ்நாளில் முதல்முறையாகக் கத்தாமல் ஊருக்கு உத்தரவு போட்டது.

தறிச்சத்தம் அவரை ஒன்றும் செய்யவில்லை. அது எங்கள் ஊரில் சத்தத்தில் சேர்த்தியில்லை. தறி ஓடாவிட்டால்தான் எங்கள் பிள்ளைகள் தூக்கத்தில் அழும். திடீர்ச் சத்தம்தான் ஆகாது. விழுகிற தட்டு, கூவுகிற குரல், செருப்புத் தேய்க்கிற நடை. அன்று மத்தியானமே பேச்சியும் சிக்கந்தரும் அருளானந்துவும் கடைவாசலில் நின்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்: முதலில் விரல், பிறகு பாதம், கடைசியில் குதிகால்; கதவைத் திறக்குமுன் கொஞ்சம் தூக்கிப் பிடி; குடத்தை இறக்குமுன் முழங்காலை மடக்கு; முன்னால் போகிறவனின் அடியில் உன் அடியை வை. பதினோரு வருஷமாக வீணாய்ப் போகிறதென்று பெற்றவர்கள் புலம்பிய வித்தை, ஒரே மத்தியானத்தில் ஊருக்கே தேவையான வித்தையாகிவிட்டது. கம்பெனியில் மிஞ்சிய துணியைக் கோமதியக்கா கட்டுக்கட்டாக வெளியே போட்டது. எல்லோரும் காலில் சுற்றிக்கொண்டோம். மாலையில் பார்த்தால் கடைத்தெரு முழுக்க வெள்ளைப் பாதங்கள், மேகத்தின் மேல் நடக்கிற மாதிரி போய்வந்துகொண்டிருந்தன.

பஸ் டிரைவர் ஊர் எல்லையிலேயே என்ஜினை அணைத்துவிட்டு, சரிவில் தானாக உருளவிட்டு, கம்பெனி தாண்டிய பிறகு கிளப்பினார். மீன்காரி வீட்டு வாசலில் நின்று விரலால் சைகை காட்டினாள்: இரண்டு விரல் என்றால் சாளை, ஐந்து விரல் என்றால் வஞ்சிரம். பள்ளிக்கூடத்தில் பெல் அடிப்பதற்குப் பதில் பியூன் வகுப்பு வகுப்பாகப் போய்த் துண்டை வீசினார். புருஷன் பெண்டாட்டிச் சண்டையைக் கிசுகிசுப்பாகப் போட்டுப் பார்த்தார்கள். ரகசியம் பேசுகிற மாதிரி நெருங்கி நின்று திட்டவேண்டியிருந்ததால் பாதியில் சிரிப்பு வந்து நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம். கெட்டிமேளம் சொல்லவேண்டிய நேரத்தில் ஐயர் விரலை உயர்த்தி ஆட்ட, மேளக்காரர் காற்றில் அடிக்க, நாயனக்காரர் கன்னத்தை மட்டும் உப்ப, மண்டபம் முழுக்க ஜனங்கள் கையை ஆட்டினார்கள். மாப்பிள்ளையின் மூச்சு நடுங்கியது தனக்குக் கேட்டது என்று அந்தப் பெண் பிறகு எல்லோரிடமும் சொன்னாள். அவ்வளவு பயந்த மனிதனோடு நிம்மதியாக வாழ்ந்துவிடலாம் என்று அப்போதே தெரிந்துவிட்டதாம்.

தூங்குகிறவரின் கால்கள் மட்டும் தூங்கவில்லை. துணிக்குவியலில் படுத்தபடியே பாதம் மாற்றிப் பாதம் அசைந்துகொண்டிருந்தது. பேச்சி எண்ணிப் பார்த்தாள். பதினாலு. பிறகு உடம்பு ஒரு பக்கம் திரும்பும். மறுபடி பதினாலு.

இதற்கிடையில் உலகம் முழுக்க அமாவாசை ரசிகர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊர் மெஷினில் மட்டுமல்ல, எல்லா ஊர் மெஷினிலும் மேற்கு வாசல் காலியாகிவிட்டது. காவல்காரர் இல்லை, அவர் இடுப்புச் சாவியும் இல்லை, சாவி இல்லாமல் கதவு திறக்காது. பதினோரு வருஷம் காத்திருந்தவர்கள் தங்கள் முதல் அபிப்பிராயத்தைத் தமிழ் ரசிகர் குழுவில் எழுதிக்கொண்டே இருந்தார்கள், சிக்கந்தர் படித்துக்கொண்டே இருந்தார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எழுதினார்: 'பூட்டிய கதவு ஒன்றைப் பார்த்தேன். கதவை நன்றாகச் செய்திருக்கிறார்கள். வேறு சொல்ல ஒன்றுமில்லை.' சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண்: 'ஒளிந்துகொள்ள நிழல் நிறைய இருக்கிறது. யாரிடமிருந்து ஒளிவது?' யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: 'காவல் இல்லாத வாசல்ல நிக்கப் பயமாக் கிடக்கு. இவ்வளவு நாளும் அந்த மனுசன் நிண்டதுதான் எங்களுக்குத் தைரியம் எண்டு இப்பதான் விளங்குது.'

பேச்சி குழுவில் ஒரே வரி போட்டாள்: 'அவர் எங்க ஊர்ல தூங்கிட்டு இருக்கார்.' யாரும் அவளைச் சந்தேகப்படவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குழுவில் யாரும் குரல்பதிவு அனுப்பவில்லை, எழுத்தில்தான் எல்லாம்.

திங்கட்கிழமை ஆட்டத்தைச் செய்த கம்பெனியிலிருந்து அறிவிப்பு வந்தது. மேற்கு வாசலில் ஒரு பிழை இருப்பது தெரியவந்துள்ளது, இந்திய நேரப்படி வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குத் திருத்தம் அனுப்புகிறோம், அந்த இடத்தில் புதிய காவலர் வைக்கப்படுவார், சிரமத்துக்கு வருந்துகிறோம்.

சிக்கந்தர் அதை இரண்டு தரம் படித்தார். "புது ஆளைப் போட்டுட்டா இவரு எங்க போவாரு?"

"இங்கேயே இருக்கட்டுமே," என்றது கோமதியக்கா. "எனக்கும் வாட்ச்மேன் வேணும்."

"அது அவரு வாசல், அக்கா," என்றாள் பேச்சி. "எந்திரிச்சுப் பார்க்கும்போது தன் இடத்துல வேற ஒருத்தன் நின்னா எப்படி இருக்கும்?"

"அப்ப எழுப்பிரலாமா?"

எழுப்பினால் வேலை மிஞ்சும், தூக்கம் போகும். விட்டால் தூக்கம் மிஞ்சும், வேலை போகும். ஊர் முழுக்க இரண்டு நாள் இதையே கிசுகிசுத்தோம். ராத்திரி ஷிப்டு பார்க்கிறவர்கள் நிறைந்த ஊர் எங்களுடையது. இரண்டு பக்கமும் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அருளானந்து ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாகக் கிடங்கு வாசலுக்கு வந்தான். பேச்சி அங்கே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலைல எனக்கு பஸ்," என்றான். "ஒரே ஒரு தட்டு தட்டினாப் போதும். அவரு எந்திரிச்சு உள்ளே போனா, இன்னைக்குச் சாயங்காலம் நாம மூணு பேரும் உட்கார்ந்து அந்தக் கதவையாவது தாண்டிரலாம். தம்பியை மீட்கணும்னுகூட நான் கேக்கலை. கதவைத் தாண்டினாப் போதும்."

"தெரியும்டா."

"அவருக்கும் நல்லதுதான். வேலை போகாது."

"தெரியும்."

"பதினோரு வருஷம், பேச்சி. இருபது வயசுல உட்கார்ந்த நாற்காலி அது. அங்க போனா எட்டுப் பேரு ஒரு ரூம்ல. எனக்குன்னு ஒரு நாற்காலி கிடைக்குமான்னே தெரியலை."

பேச்சி மடித்த துணியைக் கீழே வைத்தாள். "போய்த் தட்டு. நான் தடுக்கமாட்டேன். எனக்கும் ஆசைதான்."

அருளானந்து உள்ளே போனான். குவியலுக்குப் பக்கத்தில் நின்று தட்டைத் தூக்கிப் பிடித்தான். கால்கள் அசைந்துகொண்டிருந்தன. திரும்பட்டும், திரும்பினதும் அடிப்போம் என்று நினைத்தானாம், பழைய பழக்கம். எண்ணினான். ஒன்பது, பத்து, பதினொன்று. பதினொன்றில் கால் நின்றுவிட்டது. பன்னிரண்டாவது அடி வரவில்லை. பாதம் இரண்டும் மெல்ல வெளிப்பக்கமாகச் சரிந்தன. வாய் லேசாகத் திறந்தது. அந்த முகத்தின் சுருக்கமெல்லாம் ஒன்றொன்றாக, வெயிலில் போட்ட துணி விரிகிற மாதிரி விரிந்தது. மனிதர் அப்போதுதான் நிஜமாகவே தூங்கத் தொடங்கினார்.

அருளானந்து தட்டையும் கரண்டியையும் துணிக்குவியலின் மேல் வைத்தான், ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாமல். மூக்குப்பக்கம் ஒரு ஈ சுற்றியது. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு அட்டையை எடுத்து, ஈயை விரட்ட ஆரம்பித்தான். பேச்சி எட்டிப் பார்த்தபோது வெயில் இறங்கிக் கிடங்கெல்லாம் மஞ்சளாகியிருந்தது. அவன் இன்னும் விசிறிக்கொண்டிருந்தான், கன்னம் நனைந்திருந்தது, முகத்தில் சிரிப்பு.

"நடக்கறதை நிறுத்திட்டாரு," என்று வாயசைப்பில் சொன்னான்.

புதன்கிழமை காலை அவனை வழியனுப்ப ஊரே பஸ் நிறுத்தத்துக்கு வந்தது. யாரும் பேசவில்லை. அவன் அம்மா அழுததும் சத்தமில்லாத அழுகை. சிக்கந்தர் அவனைக் கட்டிக்கொண்டு முதுகில் தட்டப்போய், கையைக் காற்றிலேயே நிறுத்தி, மெல்லத் தடவிக்கொடுத்தார். பஸ் உருண்டது, வெள்ளைத் துணி சுற்றிய நூற்றுக்கணக்கான கால்கள் அதன் கூடவே கொஞ்ச தூரம் ஓடின, நூற்றுக்கணக்கான கைகள் ஆடின. எத்தனையோ பேர் எங்கள் ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் போயிருக்கிறார்கள். அப்படி ஒரு வழியனுப்பு யாருக்கும் நடந்ததில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்குக் கரண்டு போனது. ஊரின் தறியெல்லாம் ஒரே மூச்சில் நின்றது. ஆறு நாளாக ஒரு கரண்டி விழாமல் பார்த்துக்கொண்ட எங்களுக்கு அது தோன்றவே இல்லை: தறியின் மடியில் தூங்கிப் பழகியவனை எழுப்பத் தறி நின்றால் போதும்.

காவல்காரர் கண்ணைத் திறந்தார்.

எழுந்து உட்கார்ந்தார், சோம்பல் முறித்தார், தலைக்கட்டைத் தொட்டுப் பார்த்தார், தன்னைச் சுற்றி நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். கை கொம்புக்குப் போகவில்லை. கோமதியக்கா ஒரு தட்டு நிறையச் சோறும் பருப்புக்குழம்பும் கொண்டுவந்து வைத்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, வெளியே வந்து, வெயிலில் நின்று, முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஈட்டியை எடுத்துக்கொண்டு, தானாகவே தெருவைத் தாண்டி, சிக்கந்தரின் பின்னறைக்குப் போய் டி.வி. முன்னால் நின்றார்.

திரை கறுப்பாக இருந்தது.

"கரண்டு!" என்றாள் பேச்சி. மணி மூன்றேகால். நான்கு மணிக்குப் புது ஆள் வந்துவிடுவான்.

சிக்கந்தர் மின்வாரியத்துக்குப் போன் போட்டார். ஐந்தரை ஆகும் என்றார்கள். கடை இன்வெர்ட்டர் இரண்டு மாதமாகச் செத்துக் கிடந்தது. கடைவாசலில் நின்ற கோமதியக்காவைப் பேச்சி பார்த்தாள்.

"நம்ம ஜெனரேட்டர் இருக்கேக்கா!"

"அது போடுற சத்தத்துக்கு..." என்று இழுத்த அக்கா, பாதியில் நிறுத்தி, ஈட்டியும் கையுமாக நிற்கிற அந்த மனிதரைப் பார்த்தது. "அட, அதான் முழிச்சிட்டாருல்ல!" என்று ஆறு நாளாக அடக்கிவைத்திருந்த குரலையெல்லாம் சேர்த்துக் கத்தியது. "போடுங்கடா ஜெனரேட்டரை!"

அந்தக் குரலில் ஊரின் பூட்டே திறந்துகொண்டது. ஜெனரேட்டர் கடகடவென்று இருமிப் புகைவிட்டுக் கிளம்பியது. நின்றிருந்த பஸ்ஸின் டிரைவர் ஹாரனை அழுத்தி, அழுத்திய கையை எடுக்கவே இல்லை. மீன்காரி விற்றுத் தீர்ந்த மீனையெல்லாம் பெயர் சொல்லிக் கூவினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். பேசாமல் விட்ட சண்டைகளை எல்லாம் வீட்டுக்கு வீடு பேசிச் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்து மேளக்காரர் அந்த ஜோடியை வாசலுக்குக் கூப்பிட்டு நிறுத்தி, பாக்கி வைத்திருந்த கெட்டிமேளத்தை நாலு மடங்காகக் கொட்டினார். டி.வி.யையும் மெஷினையும் பத்துப் பேர் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி ஜெனரேட்டர் இருந்த கிடங்குக்கு ஓடினார்கள், சிக்கந்தர் ஒயரை வாரிக்கொண்டு பின்னாலேயே ஓடினார், காவல்காரர் கூட்டத்தோடு கூட்டமாகத் திரும்ப வந்தார். மூன்று ஐம்பதுக்குத் திரை ஒளிர்ந்தது. காலி வாசல், நிலவில்லாத வானம்.

அவர் உள்ளே ஒரு காலை வைத்தார். நின்று திரும்பி எங்களைப் பார்த்தார். பேச்சி முன்னால் போய், "பின்மண்டை... அது நாங்கதான். மன்னிச்சிருங்க," என்றாள். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, ஈட்டியின் பின்முனையால் அவள் உச்சந்தலையில் லேசாக, ஒரே ஒரு தட்டு தட்டினார். பிறகு உள்ளே இறங்கித் தன் இடத்தில் நின்றார்.

நான்கு மணிக்குத் திருத்தம் வரவில்லை. பிழை தானாகச் சரியாகிவிட்டது, காரணத்தை ஆராய்ந்துவருகிறோம் என்று ஒரு வரி மட்டும் வந்தது. அன்று மாலையே உலகம் முழுக்க ரசிகர்களின் அபிப்பிராயம் மாறத் தொடங்கியது. கோயம்புத்தூர்க்காரர் எழுதினார்: 'கதவைப் பற்றி இப்போதும் ஒன்றும் சொல்வதற்கில்லை, கிட்டவே போகமுடியவில்லை.' சிங்கப்பூர்ப் பெண் எழுதினாள்: 'நிழல் போதவில்லை.' யாழ்ப்பாணத்துக்காரர், 'மனுசன் திரும்பி வந்திட்டுது, நல்ல உசார்' என்று எழுதி, தான் இருபத்திரண்டு தரம் பிடிபட்ட விவரத்தை வரிசையாகப் போட்டிருந்தார். காவல்காரர் தலையில் ஏன் கட்டு என்று பலரும் பலவிதமாக ஊகித்தார்கள். எங்கள் ஊரில் பேச்சி எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து ஆடினாள், முதல் பாகத்தில் ஒருமுறைகூடப் பிடிபடாத பேச்சி. அவள் நிழலை விட்டு ஒரு அடி எடுத்து வைத்ததும் காவல்காரர் திரும்பிப் பார்த்துக் கொம்பை ஊத, பின்னால் நின்ற கூட்டம் காவல்காரருக்காகக் கைதட்டியது. கோமதியக்கா விசிலே அடித்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மஸ்கட்டில் விடுமுறை. மத்தியானம் பேச்சிக்கு அருளானந்துவிடமிருந்து போன் வந்தது. அறையில் கூடத் தங்கியிருக்கிற மலப்புறத்துக்காரர் ஒருவரிடம் கேம் மெஷின் இருக்கிறது, கட்டிலில் எட்டுப் பேரும் நெருக்கி உட்கார்ந்திருக்கிறோம் என்றான்.

"போனியா வாசலுக்கு?"

"போனேன். மூணே அடி பேச்சி. மூணாவது அடியில திரும்பிட்டாரு. கொம்பு, நாற்பது பேரு, எல்லாம் ஆச்சு."

"எங்களுக்கு ஒரு அடிதான். உனக்கு மூணு அடி விட்டுருக்காரு."

அவன் சிரித்தான். பின்னால் யாரோ மலையாளத்தில் காவல்காரரைப் பற்றி ஏதோ கேட்க, "நம்ம ஆளுதான்" என்று அவர்களுக்குப் பதில் சொன்னான்.

"அவரு கண்ணு ரெண்டும் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு பேச்சி," என்றான். "நானும் காத்திருந்து பார்த்துட்டேன். ஒரு கொட்டாவிகூட விடலை."

பேச்சி போனைத் தெருப்பக்கம் திருப்பிப் பிடித்தாள். தறிச்சத்தம் மட்டும் போனில் போய்க்கொண்டிருந்தது.

"சரி, போனை வை," என்றான் அருளானந்து. "இன்னொரு தடவை போய் மாட்டிட்டு வர்றேன்."